வேல்ஸ் நாட்டுக் கோட்டைகள்: வென்றவர் கட்டியதும் தோற்றவர் விட்டதும்

அரபு இலக்கியம் பயின்றோர் ‘அத்லால்’ என்னும் சொல்லை நன்கு அறிவர். பண்டைய அரபுக் கவிஞன் தன் கஸீதாவின் தொடக்கத்தில், குடிபெயர்ந்து சென்றோர் விட்டுப்போன பாழ்மனையின் அருகே ஒட்டகத்தை நிறுத்துவான். இங்கு வாழ்ந்தவர்கள் எங்கே என்று அந்த இடத்தையே விளித்துக் கேட்பான். பாழடைந்த இடத்தின் முன் நிற்போர் கேட்க வேண்டிய முதற் கேள்வி அதுதான் என்று நாம் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. அவ்விடம் ஒரு கோட்டையாக இருப்பின் இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொள்கிறது: இது யாருக்கு எதிராகக் கட்டப்பட்டது?

இவ்விரு கேள்விகளையும் மனத்தில் கொண்டு காண வேண்டிய நாடு வேல்ஸ். பிரிட்டன் தீவின் மேற்குப் புறத்தில் ஏறத்தாழ 20,700 சதுர கிலோமீட்டர் பரப்பளவில் அமைந்த சிறு நாடு அது. அதற்குள் சுமார் 600 கோட்டைகள் இருந்தன என்று கணக்கிடுகின்றனர். சில இன்றும் முழு உயரத்தில் நிற்கின்றன. பல இடிந்த சுவர்களாக எஞ்சியுள்ளன. இன்னும் பல புல் மூடிய மண்மேடுகளாகிவிட்டன. உலகெங்குமிருந்து மக்கள் இவற்றைக் காண வருகின்றனர். 1986ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் வட வேல்ஸில் உள்ள கான்வி, கேர்நார்வன், ஹார்லெக், போமாரிஸ் ஆகிய நான்கு கோட்டைகளை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. இந்நான்கையும் கட்டியவர் ஒருவரே: இங்கிலாந்தின் மன்னர் முதலாம் எட்வர்ட். அதாவது, வேல்ஸின் பெருமை என இன்று உலகம் போற்றுபவை, வேல்ஸ் மக்களை அடக்குவதற்காக வேற்று நாட்டு மன்னர் எழுப்பியவை. வேல்ஸின் சொந்த இளவரசர்கள் கட்டிய கோட்டைகள் அப்பட்டியலில் இல்லை. இந்த முரணை விளங்கிக்கொள்ளாமல் அந்நாட்டின் கோட்டைகளைச் சுற்றி வருவோர், கற்களைக் கண்டவராவாரே தவிர வரலாற்றைக் கண்டவராகார்.

கோட்டை வந்த வழி

1066ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றினர். அதன்பின் சில ஆண்டுகளுக்குள்ளாகவே அவர்களது பார்வை வேல்ஸின் மீது திரும்பியது. கோட்டை கட்டும் வழக்கத்தை வேல்ஸுக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்களே. மண்ணைக் குவித்து மேடாக்கி, அதன் உச்சியில் மரக் கோபுரமும் சுற்றிலும் மரவேலியும் அமைப்பது அவர்களின் முதல் முறை. சில வாரங்களில் கட்டிவிடலாம் என்பது அதன் பயன். தீயிட்டால் எரிந்துவிடும் என்பது அதன் குறை. ஆகவே முக்கியமான இடங்களில் கல் வந்தது. வை நதிக்கரைப் பாறையின் மீது நிற்கும் செப்ஸ்டோ கோட்டையின் பெருங்கோபுரம் 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அக்கோட்டையின் வாயிலில் இருந்த மரக்கதவுகள் இன்றும் உள்ளே பாதுகாக்கப்பட்டுள்ளன. மரத்தின் வளர்ச்சி வளையங்களைக் கொண்டு ஆராய்ந்து, அவை 1190களுக்குப் பிற்பட்டவையல்ல என்று கண்டுள்ளனர். எண்ணூறு ஆண்டுகளைக் கடந்த கோட்டைக் கதவைக் கண்ணால் காண்பது அரிய வாய்ப்பு.

அக்காலத்து வேல்ஸ் ஒரே அரசாக இருக்கவில்லை. வடக்கே க்வினெத், நடுவே போவிஸ், தெற்கே தெஹெபார்த் எனப் பல அரசுகள் இருந்தன. அவற்றின் இளவரசர்கள் தமக்குள்ளும் நார்மானியப் பிரபுக்களுடனும் போரிட்டனர். அந்தப் போர்களின் வழியே கோட்டைக் கலையையும் கற்றுக்கொண்டனர். தெஹெபார்த்தின் ரீஸ் அப் கிரிஃபித், கார்டிகன் கோட்டையைக் கல்லால் கட்டினார். 1176ஆம் ஆண்டில் அங்கே கவிஞர்களையும் இசைவாணர்களையும் கூட்டிப் போட்டி நடத்திப் பரிசளித்தார். வேல்ஸ் மக்கள் இன்றளவும் ஆண்டுதோறும் நடத்தும் ‘ஐஸ்தெத்வொத்’ என்னும் கவிதைப் பெருவிழாவுக்கு முன்னோடியாக அக்கூட்டத்தைக் குறிப்பிடுவர். கோட்டை என்பது போருக்கு மட்டும் உரிய இடமாக இருக்கவில்லை என்பதற்கு இது தக்க சான்று.

அந்நாட்டு மக்களின் பெயர்களில் வரும் ‘அப்’ என்ற சொல் நம் வாசகர்களுக்கு அந்நியமானதன்று. அது ‘மகன்’ என்று பொருள்படும். ரீஸ் அப் கிரிஃபித் என்றால் கிரிஃபித்தின் மகன் ரீஸ். அரபியில் ‘இப்னு’ ஆற்றும் பணியையே அது ஆற்றுகிறது. குலவழியைப் பெயரிலேயே சுமந்த சமூகம் அது.

நாட்டின் வீழ்ச்சி

13ஆம் நூற்றாண்டின் நடுவில் க்வினெத்தின் லெவெலின் அப் கிரிஃபித், ஏனைய அரசுகளைத் தம் தலைமையின்கீழ்க் கொண்டுவந்தார். 1267ஆம் ஆண்டின் மான்ட்கோமரி உடன்படிக்கையில் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஹென்றி அவரை வேல்ஸின் இளவரசராக ஏற்றுக்கொண்டார். அடுத்த ஆண்டே, அவரது வளர்ச்சிக்கு அஞ்சிய ஆங்கிலேயப் பிரபு கில்பர்ட் டி கிளேர், தெற்கே கேர்ஃபிலியில் கோட்டை எழுப்பத் தொடங்கினார். ஓடைகளுக்கு அணையிட்டுச் செயற்கை ஏரிகளை உண்டாக்கி, அவற்றின் நடுவே ஒன்றனுள் ஒன்றாக இரு மதில்களை அமைத்தார். 1270ஆம் ஆண்டில் லெவெலின் படையெடுத்து வந்து கட்டுமானத்தைத் தாக்கினார்; எனினும் பணி தொடர்ந்தது. வேல்ஸின் மிகப் பெரிய கோட்டை இதுவே. அதன் தென்கிழக்குக் கோபுரம் ஏறத்தாழ 10 பாகை சாய்ந்து நிற்பது காண்போரை வியப்பில் ஆழ்த்தும். பீசா நகரக் கோபுரத்தின் சாய்வைவிட இது அதிகம்.

1272ஆம் ஆண்டில் முதலாம் எட்வர்ட் பட்டத்துக்கு வந்தார். லெவெலின் தமக்குப் பணிந்து உறுதிமொழி அளிக்க வரவில்லை என்பதைக் காரணம் காட்டி 1277ஆம் ஆண்டில் படையெடுத்தார். லெவெலின் பெரும் நிலப்பரப்பை இழந்து உடன்படிக்கைக்கு இணங்கினார். ஆங்கிலேய அதிகாரிகளின் கடுமை தாளாமல் 1282ஆம் ஆண்டில் லெவெலினின் தம்பி தாவித் கிளர்ந்தெழுந்தார். லெவெலினும் அப்போரில் இணைந்தார். அவ்வாண்டு டிசம்பர் 11ஆம் நாள் லெவெலின் கொல்லப்பட்டார். அவரது தலை லண்டனுக்கு அனுப்பப்பட்டது. தாவித் 1283ஆம் ஆண்டு பிடிபட்டு, அக்டோபரில் ஷ்ரூஸ்பரி நகரில் கொடிய முறையில் மரண தண்டனைக்கு உள்ளானார். 1284ஆம் ஆண்டின் ருத்லன் சட்டம் வேல்ஸை ஆங்கிலேய நிர்வாகத்தின்கீழ் வைத்தது. நாம் பேசும் நான்கு கோட்டைகளில் மூன்று இந்த வெற்றியின் சூட்டோடு, 1283ஆம் ஆண்டில் ஒரே நேரத்தில் தொடங்கப்பட்டவை.

ஷாம் தேசத்துத் தொடர்பு

இவ்வரலாற்றில் நம் வாசகர்கள் கூர்ந்து நோக்க வேண்டிய ஒரு கிளை உண்டு. வேல்ஸும் சிலுவைப் போர்களும் எதிர்பாராத வகையில் பின்னிப் பிணைந்துள்ளன.

ஸுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபி 1187ஆம் ஆண்டில் பைத்துல் முகத்தஸை மீட்ட செய்தி ஐரோப்பாவை உலுக்கியது. மறு ஆண்டு, கான்டர்பரியின் பேராயர் பால்டுவின் புதிய சிலுவைப் போருக்கு ஆள் திரட்ட வேல்ஸ் முழுவதும் சுற்றி வந்தார். அவருடன் சென்ற கெரால்டு என்ற அறிஞர், தென்மேற்கு வேல்ஸில் உள்ள மானர்பியர் கோட்டையில் பிறந்தவர். அப்பயணத்தை அவர் லத்தீன் மொழியில் நூலாக எழுதினார். ஏறத்தாழ 3,000 பேர் அப்போது சிலுவைப் போருக்கு உறுதிபூண்டதாக அவர் பதிவுசெய்துள்ளார். அக்கால வேல்ஸின் ஊர்களையும் கோட்டைகளையும் மக்களின் பழக்க வழக்கங்களையும் அறிய இன்றும் அந்நூலே முதன்மையான சான்று. பால்டுவின் 1190ஆம் ஆண்டில் அக்கா நகர முற்றுகைப் பாசறையில் இறந்தார்.

முதலாம் எட்வர்டும் பட்டத்துக்கு வருமுன் சிலுவைப் போர்வீரராக இருந்தவரே. 1271ஆம் ஆண்டு மே மாதம் அவர் அக்காவில் வந்திறங்கினார். அதற்கு முந்தைய மாதத்தில்தான் மம்லூக் ஸுல்தான் பைபர்ஸ், ஷாம் தேசத்தின் வலிமை மிக்க சிலுவைக் கோட்டையான ஹிஸ்னுல் அக்ராதைக் கைப்பற்றியிருந்தார். எட்வர்டால் பெரிதாக எதையும் சாதிக்க இயலவில்லை. 1272ஆம் ஆண்டில் அக்கா அரசுக்கும் பைபர்ஸுக்கும் இடையே போர்நிறுத்தம் ஏற்பட்டது. சில வாரங்களில் எட்வர்ட் கொலை முயற்சி ஒன்றில் காயமடைந்து, பின்னர் நாடு திரும்பினார். அவருடன் அங்கிருந்த நண்பர் சவாய் நாட்டு ஒத்தோ டி கிரான்ட்சன், 1284ஆம் ஆண்டில் வட வேல்ஸின் தலைமை நீதிபதியாக அமர்த்தப்பட்டார். 1291ஆம் ஆண்டில் அக்கா மம்லூக்குகளிடம் வீழ்ந்தபோதும் அங்கே போரிட்டார். கேர்நார்வனையும் அக்காவையும் ஒரே மனிதரின் வாழ்வு இணைத்தது.

இதைக் கொண்டு, வேல்ஸின் இரட்டை மதில் கோட்டைகள் ஷாம் தேசத்துக் கோட்டைகளின் படிகளே என்று சிலர் எழுதிவருகின்றனர். நம்மவருக்கு இக்கூற்று இனிக்கும். ஆயினும் ஆய்வு அதை அவ்வளவு எளிதாக ஏற்கவில்லை. இரட்டை மதில் கொண்ட கேர்ஃபிலி, எட்வர்ட் கிழக்கே செல்லுமுன்பே 1268ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. எட்வர்டின் தலைமைக் கட்டட வல்லுநர் ஜேம்ஸ், ஆல்ப்ஸ் மலைப்பகுதியின் சவாய் நாட்டிலிருந்து வந்தவர். வேல்ஸ் கோட்டைகளின் நுண்ணிய கூறுகள் பலவற்றுக்குச் சவாயில் ஒப்புமை இருப்பதை ஆர்னால்டு டெய்லர் என்ற வரலாற்றாசிரியர் எடுத்துக்காட்டினார். கான்வி, ஹார்லெக் மதில்களில் சாரம் கட்டிய மரங்கள் செருகப்பட்ட துளைகள் சாய்வாக மேலேறிச் செல்வது அவற்றுள் ஒன்று.

இந்த விவாதத்தில் முற்பட்டுப் பங்கேற்ற ஒருவர், அரபு வரலாற்றில் பின்னாளில் பெயர்பெற்ற டி. இ. லாரன்ஸ். அவர் 1888ஆம் ஆண்டில் பிறந்தது வட வேல்ஸின் ட்ரெமாடொக் என்னும் சிற்றூரில். 1909ஆம் ஆண்டின் கோடையில் ஷாம் தேசத்துக் கோட்டைகளைக் கால்நடையாகச் சென்று ஆராய்ந்து, ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வேடு அளித்தார். மேற்கு கிழக்கிடமிருந்து கோட்டைக் கலையைக் கற்றது என்னும் கருத்தை அவர் அதில் மறுத்தார். அவரது முடிவையும் பின்வந்தோர் முழுமையாக ஏற்கவில்லை. நூற்றாண்டுக் கணக்கில் இரு தரப்பினரும் ஒருவர் மதிலை மற்றவர் தாக்கியும் ஒருவர் கோட்டையில் மற்றவர் குடியேறியும் வந்த நிலையில், கடன் கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்று கோடு கிழிப்பது அரிது என்பதே நாம் கொள்ளத்தக்க முடிவு.

கோட்டையைப் படிக்கும் முறை

இனி, இக்கோட்டைகளுக்கு நேரில் செல்வோர் எதை எவ்வாறு நோக்க வேண்டும் என்பதைக் காண்போம்.

முதலில் நீரை நோக்க வேண்டும். எட்வர்டின் கோட்டைகள் கடலையோ, கடலிலிருந்து படகு வரக்கூடிய ஆற்றையோ ஒட்டியே அமைந்தன. நிலவழி முழுதும் பகைவர் கையில் இருந்தாலும் கடல்வழியாக உணவும் ஆயுதமும் வந்து சேர வேண்டும் என்பது திட்டம். ருத்லன் கோட்டைக்காக க்லுவித் நதியையே கப்பல் செல்லும் வண்ணம் வெட்டி நேர்ப்படுத்தினர். ஹார்லெக் இன்று கடலிலிருந்து விலகிப் பாறையுச்சியில் நிற்கிறது. அன்று அப்பாறையின் அடிவாரம் வரை கடல் இருந்தது. 1294ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது அயர்லாந்திலிருந்து கப்பலில் வந்த உணவே ஹார்லெக்கைக் காத்தது.

அடுத்து வாயிலை நோக்க வேண்டும். முற்காலக் கோட்டைகளில் வாயில்தான் நலிந்த இடம். இக்கோட்டைகளிலோ அதுவே மிக வலிய இடம். இருபுறமும் கோபுரங்கள், இடையே ஒடுங்கிய பாதை, மேலிருந்து இறங்கும் கம்பிக் கதவுகள், விதானத்தில் கல்லும் நீரும் கொட்டுவதற்கான துளைகள், பக்கச் சுவர்களில் அம்பெய்யும் இடுக்குகள் எனப் பகைவன் ஒவ்வோர் அடியிலும் அடைபடுவான். ஹார்லெக்கின் வாயில் மாளிகை ஒன்றே தனிக் கோட்டையாக நிற்கும் தகுதி வாய்ந்தது.

மூன்றாவதாக உட்சுவர்களை நோக்க வேண்டும். கான்வியின் கோபுரத்துள் நின்று அண்ணாந்து பார்த்தால், தரையே இல்லாத உயரத்தில் கணப்பு அடுப்புகள் ஒன்றின்மேல் ஒன்றாகத் தொங்குவது போல் தோன்றும். அவை ஒவ்வொன்றும் ஒரு மாடியின் அடையாளம். மரத்தளங்கள் அழிந்துவிட்டன, கல்லடுப்பு நிற்கிறது. விட்டங்கள் செருகிய குழிகள், சாளரத்தருகே அமரும் கல்லிருக்கைகள், மதிலுக்கு வெளியே நீட்டப்பட்ட கழிப்பிடங்கள் ஆகியவற்றை இணைத்துப் பார்த்தால், அங்கு வாழ்ந்தோரின் அன்றாடம் கண்முன் விரியும். இன்று சாம்பல் நிறத்தில் காணும் கான்வி, அக்காலத்தில் சுண்ணாம்பு பூசப்பட்டு வெண்ணிறத்தில் விளங்கியது.

கேர்நார்வன் மட்டும் தோற்றத்தில் வேறுபட்டது. ஏனைய கோட்டைகளில் கோபுரங்கள் வட்டமாக இருக்க, இங்கு அவை பல கோணங்கள் கொண்டவை. மதிலில் வெவ்வேறு நிறக் கற்கள் பட்டை பட்டையாக அடுக்கப்பட்டுள்ளன. இது கான்ஸ்டான்டினோபிள் நகரத்தின் தியடோசியஸ் மதிலை நினைவூட்டுவதாக டெய்லர் கருதினார். 1453ஆம் ஆண்டில் ஸுல்தான் முஹம்மத் ஃபாத்திஹ் பீரங்கிகளால் பிளந்தது அந்த மதிலையே. கேர்நார்வனில் முன்பு ரோமர் கோட்டை இருந்தது. வேல்ஸின் பழங்கதைகள் அவ்வூரை ரோமப் பேரரசருடன் இணைத்துப் பேசின. 1283ஆம் ஆண்டில் அங்கு ஒரு பழைய உடல் கண்டெடுக்கப்பட, அது பேரரசர் கான்ஸ்டன்டைனின் தந்தையுடையது என நம்பி எட்வர்ட் அதை மாதாகோவிலில் அடக்கச் செய்தார் என்று அக்கால வரலாற்றுக் குறிப்பு கூறுகிறது. அம்மதில் உண்மையில் கான்ஸ்டான்டினோபிளைப் பின்பற்றியதா, அருகிலிருந்த ரோமச் சிதைவுகளைப் பின்பற்றியதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. எவ்வாறாயினும், வென்ற நாட்டின் நிலத்தோடு அதன் பழங்கதையையும் மன்னர் தமதாக்கிக்கொண்டார் என்பது தெளிவு.

கோட்டையின் விலை

நான்காவதாக, கோட்டையை விட்டு வெளியே வந்து ஊரை நோக்க வேண்டும். கான்வியில் கோட்டையோடு ஒட்டி 1.3 கிலோமீட்டர் நீளமுள்ள ஊர் மதில், 21 கோபுரங்களுடன் இன்றும் நிற்கிறது. அதன்மேல் நடந்து செல்கையில் மலைகளும் ஆற்றுமுகமும் கண்ணுக்கு விருந்தாகும். ஆனால் அம்மதிலுக்குள் குடியேற்றப்பட்டோர் இங்கிலாந்திலிருந்து வந்த வணிகரும் கைவினைஞரும் ஆவர். வணிகமும் நகர உரிமையும் அவர்களுக்கே ஒதுக்கப்பட்டன. க்வினெத் இளவரசர்கள் போற்றிய, மகா லெவெலின் என்று புகழப்பட்ட லெவெலின் அப் யோர்வெர்த் அடக்கம்பெற்ற அபர்கான்வி துறவிமடம் அவ்விடத்தில்தான் இருந்தது. மடத்தை உள்நாட்டுக்கு மாற்றிவிட்டு, அந்த இடத்தில் கோட்டையும் ஊரும் எழுப்பப்பட்டன.

போமாரிஸின் கதையும் இத்தகையதே. ஆங்கில்சித் தீவின் லான்வெய்ஸ் என்னும் ஊர், வேல்ஸ் மக்கள் வாழ்ந்த வளமான துறைமுகம். 1295ஆம் ஆண்டில் அதன் அருகே புதிய கோட்டையும் ஊரும் வந்தன. லான்வெய்ஸ் மக்கள் தீவின் மறுகோடியில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவுக்குப் பெயர்த்து அனுப்பப்பட்டனர். அவர்கள் குடியேறிய இடம் இன்றும் ‘புதிய ஊர்’ என்று பொருள்படும் நியூபரோ என்ற பெயரைத் தாங்கி நிற்கிறது.

செலவும் சிறிதன்று. 1277 முதல் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை வேல்ஸ் கோட்டைகளுக்காக எட்வர்ட் செலவிட்டது சுமார் 80,000 பவுன் என மதிப்பிடுகின்றனர். இத்தாலியின் லுக்கா நகரத்து ரிக்கார்டி வணிகக் குழுமத்திடம் அவர் பெருங்கடன் பெற்றார். 1296ஆம் ஆண்டில் போமாரிஸிலிருந்து ஜேம்ஸ் அரசுக் கருவூலத்துக்கு எழுதிய கடிதம் கிடைத்துள்ளது. 400 கல்தச்சர்கள், 2,000 கூலியாட்கள், கல்வெட்டும் குழிகளில் 200 பேர், 30 கொல்லர்கள், 100 வண்டிகள், 30 படகுகள் என்று அவர் கணக்குக் கொடுத்து, கூலி நிலுவையாகிவிட்டதால் ஆட்களைத் தக்கவைக்க முடியவில்லை என்று முறையிடுகிறார். பிறகு ஸ்காட்லாந்துப் போர் மன்னரின் கவனத்தையும் பணத்தையும் ஈர்த்துக்கொண்டது. போமாரிஸ் முழுமை பெறவேயில்லை. நான்கு புறமும் ஒத்த அமைப்பால் வல்லுநர்கள் குறையற்ற திட்டம் எனப் போற்றும் அக்கோட்டையின் கோபுரங்கள், கருதிய உயரத்தை எட்டாமல் குட்டையாகவே நிற்கின்றன.

மதில்கள் வென்றனவா?

இத்தனை செலவும் எதிர்பார்த்த பயனைத் தந்ததா? 1294ஆம் ஆண்டில் மாடொக் அப் லெவெலின் தலைமையில் வேல்ஸ் எழுந்தபோது, கட்டி முடியாத கேர்நார்வன் கைப்பற்றப்பட்டு எரிக்கப்பட்டது. கிளர்ச்சியை அடக்க வந்த எட்வர்ட், ஆற்று வெள்ளத்தால் தம் கான்வி கோட்டைக்குள்ளேயே சில நாட்கள் உணவுத் தட்டுப்பாட்டோடு அடைபட்டுக் கிடந்தார்.

நூறாண்டு கழித்து ஒவைன் க்ளின்தூர் என்ற தலைவர் கிளர்ச்சிக் கொடி உயர்த்தினார். 1401ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், பெரிய வெள்ளியன்று, காவலர்கள் மாதாகோவிலில் இருந்த வேளையில் அவரது உறவினர்களான ரீஸ், கில்லிம் என்னும் சகோதரர்கள் கான்வி கோட்டையைத் தந்திரமாகக் கைப்பற்றினர். அச்சகோதரர்களின் உடன்பிறந்தாரான மரெதித்தின் கொள்ளுப்பேரரே, பெம்ப்ரோக் கோட்டையில் பிறந்து 1485ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் அரியணை ஏறிய ஏழாம் ஹென்றி. 1404ஆம் ஆண்டில் ஹார்லெக் க்ளின்தூரின் வசமானது. 1409 வரை, வேல்ஸை அடக்கக் கட்டிய கோட்டை வேல்ஸ் இளவரசரின் இருப்பிடமாக விளங்கியது. இக்கிளர்ச்சியின்போது இங்கிலாந்து நாடாளுமன்றம், வேல்ஸ் மக்கள் ஆங்கிலேய ஊர்களில் நிலம் வாங்கவும் பதவி வகிக்கவும் தடைவிதிக்கும் சட்டங்களை இயற்றியது. மதில் செய்ய முடியாததைச் சட்டத்தால் செய்ய முயன்றனர் எனலாம்.

பீரங்கி வந்த பின் மதில்களின் காலம் மெல்ல முடிந்தது. 17ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேய உள்நாட்டுப் போரில் மன்னர் தரப்பினர் பழைய கோட்டைகளில் தஞ்சம் புகுந்தனர். 1647ஆம் ஆண்டில் ஹார்லெக் கடைசியாகப் பணிந்தது. மீண்டும் எவரும் பயன்படுத்தாதவாறு பல கோட்டைகளை வென்றவர்கள் வேண்டுமென்றே சிதைத்தனர். 1665ஆம் ஆண்டில் கான்வி கோட்டையின் உடைமையாளரே அதன் ஈயத்தையும் இரும்பையும் மரத்தையும் பெயர்த்தெடுத்தார். நாம் ‘காலத்தின் அழிவு’ என்று பொதுவாகச் சொல்வதில் பெரும்பகுதி மனிதரின் கைவேலைதான்.

தோற்றவரின் கோட்டைகள்

வேல்ஸ் இளவரசர்களின் கோட்டைகளைக் காண மலைக்குள் செல்ல வேண்டும். எட்வர்டின் கோட்டைகள் கடலை நோக்கின. இவை கணவாய்களையும் மேய்ச்சல் நிலங்களையும் காத்தன. லெவெலின் அப் யோர்வெர்த் எழுப்பிய டோல்படார்ன், ஏரிக்கு மேலே பாறை ஒன்றில் தனி வட்டக் கோபுரமாக நிற்கிறது. உயரம் சுமார் 15 மீட்டர். வெற்றிக்குப் பின் ஆங்கிலேயர் அதன் மரங்களைப் பெயர்த்துக் கேர்நார்வன் கட்டுமானத்துக்குக் கொண்டுசென்றனர். அவரே 1221ஆம் ஆண்டில் தொடங்கிய காஸ்டெல் அ பேரே, மலைப் பள்ளத்தாக்கில் லாட வடிவக் கோபுரங்களின் அடித்தளங்களோடு கிடக்கிறது. 1283ஆம் ஆண்டு ஏப்ரலில் கடைசியாக வீழ்ந்த வேல்ஸ் கோட்டை அது. அங்கு கிடைத்த செதுக்கு வேலைப்பாடுள்ள கற்கள், அதைக் கட்டியோர் கலையில் குறைந்தவர் அல்லர் என்பதைக் காட்டுகின்றன.

இவை அளவில் சிறியவை. கடனுக்குப் பணம் தரும் இத்தாலிய வணிகரோ, நாடெங்குமிருந்து திரட்டிய ஆயிரக்கணக்கான தொழிலாளரோ அவற்றைக் கட்டியோருக்கு இல்லை. ஆகவே இரு வகைக் கோட்டைகளையும் அடுத்தடுத்துக் காண்போருக்கு ஓர் உண்மை புலப்படும். கான்வியின், கேர்நார்வனின் பேரளவு, கட்டியவரின் வலிமையை மட்டும் காட்டவில்லை. எதிர்த்து நின்றவரின் உறுதியையும் அதுவே அளந்து காட்டுகிறது. எளிதில் பணியும் மக்களுக்கு எதிராக எவரும் இவ்வளவு கல்லை அடுக்குவதில்லை.

நினைவைப் பேணுவதில் நேர்மை

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இச்சிதைவுகள் ஓவியருக்கும் பயணிகளுக்கும் அழகின் உறைவிடமாயின. ஓவியர் டர்னர் வரைந்த டோல்படார்ன் 1800ஆம் ஆண்டில் காட்சிக்கு வைக்கப்பட்டது. ஆனால் அதே நூற்றாண்டில் வேல்ஸைச் சேர்ந்த தாமஸ் பென்னன்ட், தம் பயண நூலில் கேர்நார்வன் கோட்டையைத் தம் மக்களின் அடிமைத்தனத்துக்கான சிறப்புமிக்க அடையாளம் என்ற பொருளில் குறிப்பிட்டார். வியப்பும் வேதனையும் ஒரே தொடரில் வந்த அந்தப் பார்வைதான் சமநிலையான பார்வை என நாம் கருதுகிறோம்.

அந்த வேதனை இன்னும் மறையவில்லை. 2017ஆம் ஆண்டில் ஃப்ளின்ட் கோட்டையின் அருகே பெரும் இரும்பு வளையச் சிற்பம் ஒன்றை அமைக்க வேல்ஸ் அரசு திட்டமிட்டது. எட்வர்டின் கோட்டைகளை ‘இரும்பு வளையம்’ என்று அழைப்பது வழக்கம். தம் முன்னோரை நெரித்த வளையத்துக்கு நினைவுச் சின்னமா என்று கேட்டு 10,000க்கும் மேற்பட்டோர் எதிர்ப்பு மனுவில் ஒப்பமிட்டனர். அவ்வாண்டு செப்டம்பரில் திட்டம் கைவிடப்பட்டது. ஆயினும் அம்மக்கள் கோட்டைகளை இடிக்கக் கோரவில்லை. 1984ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மரபுப் பாதுகாப்பு அமைப்புக்கு வேல்ஸ் மொழியில் ‘கடூ’ என்று பெயரிட்டுள்ளனர். ‘பேணுதல்’ என்பது அதன் பொருள். வென்றவர் கட்டியதையும் தோற்றவர் விட்டதையும் ஒரே அமைப்புப் பேணுகிறது. அங்குள்ள விளக்கப் பலகைகள் வேல்ஸ் மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுதப்பட்டுள்ளன. பகைவரின் கட்டடத்தையும் சான்றாகக் காத்து, அதன் வரலாற்றைத் தம் மொழியில் தாமே எழுதுவது ஒரு சமூகத்தின் முதிர்ச்சி. சான்றை அழிப்பவர் தமக்கு இழைக்கப்பட்ட அநீதியின் சான்றையும் சேர்த்தே அழித்துவிடுகிறார்.

2021ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, கேர்நார்வனும் ஹார்லெக்கும் அமைந்துள்ள க்வினெத் பகுதியில் 64 விழுக்காட்டினர் வேல்ஸ் மொழி பேசுவோர். வேல்ஸ் நாடு முழுமைக்கும் எடுத்துக்கொண்டால் அது 18 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. எந்த மக்களை மதிலுக்கு வெளியே நிறுத்த அக்கோட்டைகள் எழுப்பப்பட்டனவோ, அந்த மக்களின் மொழிதான் இன்று கேர்நார்வன் மதிலுக்குள் கடைவீதியில் ஒலிக்கிறது. கோட்டையைக் கண்டு திரும்புவோர் அந்த வீதியிலும் சற்று நேரம் நின்று செவிமடுத்துச் செல்வது நலம்.